வரைபடத்தில் எங்கள் சந்து பச்சை

1

எங்கள் சந்து முன்னேறிவிட்டது. எனக்கு இதைச் சொன்னது என் மகள் உமா. ஒரு ஞாயிற்றுக்கிழமை முலுண்டில் இருக்கிற தன் வீட்டிலிருந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். தாராவியின் படம் அதில் தீப்பெட்டி தீப்பெட்டியாகத் தெரிந்தது. சில பெட்டிகள் சிவப்பு, சில மஞ்சள். எங்கள் சந்து இருக்கிற பெட்டி மட்டும் நாற்றங்கால் மாதிரிப் பச்சை.

“பார்த்தியாம்மா? நம்ம கல்லி க்ரீன் ஆயிடுச்சு.”

முறுக்கு மாவு பிசைந்த கையோடு நின்றேன். நல்ல சேதி வந்தால் எனக்கு முதலில் பயம்தான் வரும். கெட்ட சேதி என்றால் இன்னது என்று தெரிந்துவிடும். நல்ல சேதிக்குப் பின்னால் என்ன வருகிறது என்று தெரியாதே. “நாம ஒண்ணும் செய்யலியேட்டி, எப்படிப் பச்சையாச்சு?” என்றேன்.

உமாவுக்கு செம்பூரில் ஓர் ஆபீசில் வேலை. நகரத்துக்கு மார்க் போடுகிற ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சந்தில் தண்ணீர் வருகிறது, எங்கே குப்பை அள்ளுகிறார்கள், எந்தெந்த வீட்டுக்குள் கழிப்பறை இருக்கிறது என்று ஆட்கள் கேட்டு வருவார்கள். அதையெல்லாம் கூட்டிப் பார்த்து, ஊர் போன தடவையைவிடத் தேறியிருக்கிறதா என்று இவர்கள் சொல்வார்கள். ‘நீடித்த வளர்ச்சி’ என்று அதற்குப் பெயராம். அவள் முதலில் இங்கிலீஷில் சொன்னாள், பிறகு ஹிந்தியில் சொன்னாள். நான் முழித்ததும், “நாமளே எல்லாத்தையும் தின்னு முடிக்காம, பின்னாடி வர்றவங்களுக்கும் பானையில மிச்சம் வைக்கிறது, சமஜ்தீ ஹோ?” என்றாள். முதலிலேயே அப்படிச் சொல்லியிருந்தால் புரிந்திருக்கும். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்குப் பானை புரியாதா?

அப்புறம் அவளே படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க முகம் மாறியது.

“எல்லா வீட்லயும் சண்டாஸ் இருக்குன்னு வந்திருக்கு.”

டெய்லர் வீடு ஒன்றைத் தவிர எங்கள் சந்தில் எந்த வீட்டுக்குள்ளும் கழிப்பறை கிடையாது. நாங்கள் எல்லோரும் சந்து முனையில் இருக்கிற பொதுக் கழிப்பறைக்குத்தான் போகிறோம். உமாவும் அங்கே டப்பா தூக்கி வரிசையில் நின்று வளர்ந்தவள்.

“க்யூங் மா? ஏன் எல்லாரும் இருக்குன்னு சொன்னீங்க?”

2

ஏன் சொன்னோம் என்று ஊரில் இருந்து இதைப் படிக்கிற உங்களுக்குச் சொன்னால் உடனே புரியும். உமாவுக்குத்தான் விளக்க வேண்டியிருந்தது.

கணக்கெடுக்க ஆள் வந்த அன்று எதிர்வீட்டுப் பேச்சியம்மா மகள் செல்வியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீடு நம் பக்கம்தான், அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில். பையனுக்கு ஹார்டுவேர் கடை. அவர்களுக்கு ஒரே ஒரு குறை: “பம்பாய்ல வீட்டுக்குள்ள கக்கூஸ் கிடையாதாமே, பொம்பளப் பிள்ளைக டப்பாவ எடுத்துக்கிட்டுத் தெருவுல நிக்குமாமே.” போனில் இப்படிக் கேட்டபோது பேச்சி, “அதெல்லாம் அந்தக் காலம், எங்க வீட்ல இருக்கு” என்று சொல்லிவிட்டாள். வந்தவர்களுக்குத் தேவைப்பட்டபோது டெய்லர் வீட்டுப் பின்கதவைத் திறந்து, “இது எங்களுக்கும் அவியளுக்கும் சேத்துக் கட்டினது” என்று காட்டினாள். டெய்லர் பெண்சாதியும் தலையாட்டினாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு மராட்டிப் பெண் கையில் டேப்லெட்டோடு சந்துக்குள் வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் பேச்சி வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் காதில் விழுகிற தூரத்தில் அந்தப் பெண் வாசல் வாசலாக நின்று, உரத்த குரலில், “கர் மே டாய்லெட் ஹை க்யா?”, வீட்டுக்குள் கழிப்பறை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வருகிறாள்.

யார் இல்லை என்று சொல்வார்கள்? முதல் வீட்டுக்காரி “ஹை”, இருக்கிறது என்றாள். இரண்டாவது வீட்டுக்காரி “ஹை” என்றாள். பேச்சி என்னைப் பார்த்தாள். நானும் “ஹை” என்றேன். மாப்பிள்ளையின் பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டு, “நல்ல வசதியான இடமாத்தான் இருக்கு” என்றார். அன்று மாலையே பூ வைத்துவிட்டுப் போனார்கள்.

கேட்டது டேப்லெட் பெண்தான். பதில் அவளுக்காகச் சொன்னதில்லை, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களுக்காகச் சொன்னது. கணக்கெடுக்கிறவர்களுக்கு இது எப்படித் தெரியும்? அவளுடைய டேப்லெட்டில் நாற்காலிக்கு இடமில்லை.

3

இது எங்களுக்குப் புதுசும் இல்லை.

நான் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றபோது எங்கள் அப்பா அதை யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் முக்கால்வாசி வீட்டுப் பெண்பிள்ளைகளும் பீடி சுற்றினார்கள். என்னையும் தட்டோடு உட்கார வைத்தாயிற்று. வாத்தியார் பிள்ளைகளைக் கணக்கெடுக்கத் தெருவுக்கு வருவார். அப்பா நடையிலேயே நின்று, “படிக்கா சார், இன்னைக்குத்தான் காய்ச்சல்” என்பார். பக்கத்தில் பெரியப்பா நின்றுகொண்டிருப்பார். அவர் மகள் படிக்கும்போது தன் மகள் நின்றுவிட்டாள் என்று அவர் முன்னால் அப்பாவால் சொல்ல முடியாது. வாத்தியாரும் எழுதிக்கொண்டு போவார். நான் உள்ளே இலை வெட்டிக்கொண்டிருப்பேன். அந்தக் காய்ச்சல் அப்புறம் இறங்கவே இல்லை.

கணக்கில் ரொம்ப நாள் நான் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் முழுப் படிப்பு ஊர் என்று ஒருவேளை யாராவது அதை வைத்து மார்க் போட்டிருக்கலாம். பெண்பிள்ளைகளுக்குச் சாயந்திர வகுப்பு வைக்கலாம் என்று பக்கத்து ஊரில் ஒரு டீச்சர் ஆரம்பித்தார்கள். எங்கள் ஊருக்கு வரவில்லை. எங்கள் ஊரில்தான் நின்ற பிள்ளையே இல்லையே.

கல்யாணமாகி இங்கே வந்து, பஸ் போர்டு பார்த்து ஹிந்தி எழுத்தைக் கூட்டிப் படித்தேன். அதே எழுத்தில்தான் மராட்டியும் எழுதுகிறார்கள் என்பதால் நோட்டீஸ் வந்தால் பாதி தெரியும், மீதிப் பாதி பயம் காட்டும். உமாவுக்கு நேர்மாறு. அவளுக்கு எல்லா மொழியும் வரும், தமிழ் மட்டும் எழுத்துக்கூட்ட வேண்டும். நான் இந்தக் குறிப்பு எழுதுகிறதைப் பார்த்துவிட்டு, “என்னம்மா எழுதுறே, படிச்சுக் காட்டு” என்றாள். என் மகளுக்கு நான் எழுதுவதை நானே படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. அது தனிக் கவலை, இருக்கட்டும்.

4

பச்சையானதற்குப் பின்னால் என்ன வருகிறது என்று அடுத்த வாரமே தெரிந்தது. பொதுக் கழிப்பறைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.

அந்தக் கட்டிடத்தில் பெண்கள் பக்கம் பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கிறது. கூரை விழுந்துவிட்டது. திறந்திருக்கிற அறைகளிலும் கதவு சரியில்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று பிடித்துக்கொள்ள வேண்டும். ரிப்பேருக்கு எழுதிப் போட்டு, நடையாய் நடந்து, எங்கள் சந்து ஒருவழியாகப் பட்டியலில் ஏறியிருந்தது. நோட்டீசை எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். ‘தேவையில்லாத’ என்பது புரிந்தது. ‘இடிப்பு’ என்பதும் புரிந்தது. நடுவில் இருந்ததைப் பக்கத்தில் நின்றவள் படித்துச் சொன்னாள்: வீட்டுக்கு வீடு இருக்கிறதாம், இது வேண்டாமாம்.

எனக்கு பிரஷர். டாக்டர் கொடுத்திருக்கிற மாத்திரையைப் போட்டால் நீர் பிரிந்துகொண்டே இருக்கும். வரிசை நீளமாக இருக்கிற காலைகளில் மாத்திரையைத் தள்ளிப் போடுகிறேன்; தலை சுற்றுகிறது. எங்கள் சந்துப் பெண்கள் தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பதில்லை, கணக்குப் பார்த்துக் குடிக்கிறார்கள். இதையும் இடித்துவிட்டால் அடுத்த கழிப்பறை பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம். லாரி போகிற ரோடு. பொழுது விடியுமுன் வயசுப் பிள்ளைகளை அங்கே எப்படி அனுப்புவது? நானே எப்படிப் போவேன்?

வார்டு ஆபீசுக்குப் போனேன். ஜன்னலுக்குள் இருந்த கிளார்க் நல்ல மனிதர்தான். சந்து பெயரைக் கேட்டார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், சிரித்தார். “ஆப்கா தோ க்ரீன் ஹை, மௌஸி! முபாரக் ஹோ!” என்று வாழ்த்தினார்.

வீடுகளில் கழிப்பறை இல்லை என்று சொன்னேன். “இருக்கிறதென்று நீங்கள்தானே சொன்னீர்கள்?” என்று ஹிந்தியில் கேட்டார். தப்பாகச் சொல்லிவிட்டோம் என்றேன். “ஒருவர் தப்பாகச் சொல்லலாம். ஒரு சந்து முழுக்கவா?” மாப்பிள்ளை வீட்டு நாற்காலியைப் பற்றி அவருக்கு எங்கே ஆரம்பித்து விளக்குவது?

வெளியே வந்து உமாவுக்கு போன் போட்டேன்.

“ஏட்டி, நீதானே அங்கன உக்காந்து கூட்டுத. எங்க சந்துக்கு நேரா இல்லைன்னு ஒரு தட்டு தட்டிரு. யாருக்குத் தெரியப் போவுது?”

“அப்படிப் பண்ண முடியாதும்மா.”

“உன்னைப் பெத்தவ கேக்கேன்.”

“நீ கேட்டா மாத்துவேன். நாளைக்கு வேற யாரோட அம்மாவோ கேட்டா அவங்க பொண்ணும் மாத்துவா. அப்புறம் அந்தப் படத்துல சிவப்பு எது, பச்சை எதுன்னு யாருக்கும்மா தெரியும்?”

எனக்குக் கோபம் வந்தது. “ரூல்ஸ் பேசாதட்டி. நீயும் அந்த வரிசையில நின்னவதான்.”

அவள் பக்கம் ரயில் அறிவிப்பு கேட்டது.

“அதனாலதாம்மா நான் இந்த வேலைக்கே வந்தேன்” என்றாள். பிறகு, “ரீ-செக் வாங்கித் தர்றேன். அது ரூல்ல இருக்கு. ஆள் வந்து வீட்டுக்குள்ள கண்ணால பார்த்து எழுதும். ஆனா ஒரு வீடு பத்தாது, பாதி வீட்டுக்கு மேல காட்டணும். இந்தச் சனிக்கிழமை. அதை விட்டா ரிப்பேர் லிஸ்ட் மூடிடும்.”

5

சனிக்கிழமை என்று கேட்டதும் பேச்சி என் வீட்டுக்கு ஓடி வந்தாள். பொரித்த முறுக்கை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் உட்காரவே இல்லை.

“எக்கா, சனிக்கிழமைதான் மாப்பிள்ளையோட சித்தி மான்குர்த்துலருந்து வாரா. செல்விக்கு ஜாக்கெட் அளவு எடுக்கவாம், அப்படியே வீட்டையும் ஒரு பார்வை பாத்துட்டு ஊருக்குச் சொல்லணுமாம். அதுக்கப்புறந்தான் பத்திரிகை அடிப்பாவளாம்.”

“வேற நாள் வரச் சொல்லுளா.”

“சொன்னேன். ‘ஏன், அன்னைக்கு என்ன விசேஷம்’னு கேக்கா. அவ வாய் உங்களுக்குத் தெரியாது. இங்கன ஒரு வார்த்தை விழுந்தா அம்பாசமுத்திரத்துல எதிரொலிக்கும். நீங்க செக்கிங்கைத் தள்ளிப் போடச் சொல்லுங்க.”

“தள்ளினா லிஸ்ட்ட மூடிருவாவ பேச்சி. அப்புறம் இடிச்சுருவாவ.”

“இடிச்சா ரோட்டைத் தாண்டிப் போவோம்! எம் மவளுக்கு இது மூணாவது சம்பந்தம்.”

முந்தானையைக் கடித்துக்கொண்டாள். அவள் பயம் எனக்குத் தெரியாததா? இந்தச் சந்தில் பயத்துக்குப் போட்டி வைத்தால் முதல் பரிசு எனக்குத்தான். ஆனால் மாத்திரை அட்டை அலமாரியில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“எங்க வீட்டைப் பத்தி நான் உள்ளதைச் சொல்லிருவேன். உன் வீட்டைப் பத்தி வாய் திறக்க மாட்டேன். அவ்வளவுதான் என்னால முடியும்” என்றேன்.

பேச்சி வெளியே போனாள். போனவள் வீட்டுக்குப் போகவில்லை. ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்குவது என் கதவிடுக்கு வழியாகத் தெரிந்தது.

6

சனிக்கிழமை சித்தி முதலில் வந்தார். நல்ல உயரம், பட்டுக்கரைப் புடவை, கையில் அளவு நாடா வைத்த பை. மான்குர்த்திலிருந்து ரயில் மாறி, ஆட்டோ பிடித்து, வெயிலில் வந்திருந்தார். அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பேச்சி கலர் கொடுத்தாள், மோர் கொடுத்தாள், டீ கொடுத்தாள். வந்தவரைக் குளிர வைக்க வேண்டும் என்ற பதற்றத்தில் எவ்வளவு கொடுக்கிறோம் என்று அவள் யோசிக்கவில்லை.

அந்தப் பக்கம் டெய்லர் வீட்டுக் கதவில் பூட்டு. மாமனாருக்கு முடியவில்லை என்று விடிகாலையிலேயே குடும்பத்தோடு போய்விட்டார்களாம்.

அதே மராட்டிப் பெண் டேப்லெட்டோடு வந்தாள். நான் அவளை உள்ளே கூட்டிப் போய் அடுப்பு, பரண், பாத்திரம் கழுவுகிற மோரி எல்லாம் காட்டினேன். வேறொன்றும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள். அடுத்த வீட்டுக்காரி, “வீட்ல ஆம்பளைங்க இல்ல, பாத் மே ஆனா” என்று பிறகு வரச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். அதற்கடுத்த கதவு ஏற்கனவே சாத்தியிருந்தது. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது வீட்டில் பிள்ளை தூங்குகிறதாம். டேப்லெட் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சந்தே வாயைத் தைத்துக்கொண்டு நிற்கும்போது நான் ஒருத்தி என்ன செய்ய? பாதி வீட்டுக்கு மேல் என்று உமா சொன்னது காதுக்குள் அடித்தது.

எதிரே சித்தி நாற்காலியில் நெளிந்தார். பேச்சியைக் கையசைத்துக் கூப்பிட்டு, தணிந்த குரலில் ஏதோ கேட்டார்.

“இந்தா மைனி, இப்பத் திறந்துருவாவ” என்றாள் பேச்சி, டெய்லர் வீட்டுப் பூட்டைப் பார்த்துக்கொண்டே.

“யாரு திறக்கணும்? உங்க வீட்ல இருக்குன்னுல்லா சொன்னிய?”

“இருக்கு மைனி. தண்ணி வரல. அதான்...”

“இப்பத்தான ஒங்க மவ குடத்துல தண்ணி பிடிச்சுட்டு உள்ள போனா?”

டேப்லெட் பெண் பேச்சி வாசலுக்கு வந்துவிட்டாள். “கர் மே டாய்லெட் ஹை?”

பேச்சி என்னைப் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள். எதையாவது சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

“நஹீ ஹை” என்றது ஒரு குரல்.

செல்வி. உள்ளேயிருந்து வந்தாள். அளவு கொடுக்க உடுத்தியிருந்த நல்ல புடவை, கையில் சிவப்புப் பிளாஸ்டிக் டப்பா, தண்ணீர் தளும்புகிறது.

“இல்ல சித்தி. எங்க வீட்ல இல்ல. இந்த வரிசையில யாரு வீட்லயும் இல்ல. நாங்க எல்லாம் முனையில இருக்கிறதுக்குத்தான் போறோம். வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன். கதவு சரியில்ல, நான் வெளிய நின்னு பிடிச்சுக்கிடுதேன்.”

பேச்சி சுவரோடு சுவராகச் சாய்ந்தாள். சித்தி செல்வியின் முகத்தைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் எழுந்து, புடவைக் கரையைத் தூக்கி இடுப்பில் செருகினார்.

“முன்னாலயே சொல்றதுக்கென்ன? வயிறு வெடிச்சிரும் போலுக்கு. நடட்டி.”

செல்வி முன்னால், சித்தி பின்னால். சந்தின் நடுவே அந்த இரண்டு புடவைகளும் டப்பாவோடு போவதைப் பார்க்க ஒவ்வொரு கதவாகத் திறந்தது. திறந்த கதவை யாரும் மறுபடி சாத்தவில்லை. பிள்ளை தூங்குகிறது என்றவள் டேப்லெட் பெண்ணின் கையைப் பிடித்து, “ஆவோ, தேகோ” என்று உள்ளே இழுத்தாள். ஆம்பிளை இல்லாத வீட்டுக்காரியும் கூப்பிட்டாள். நானும் சந்து முனைக்கு நடந்தேன்.

கடைசியில் அந்தப் பெண் கழிப்பறைக்கு வந்து போட்டோ எடுத்தாள். வரிசையில் நிற்கிறவர்களையும் எண்ண வேண்டுமாம். டேப்லெட்டின் மேல் விரலை ஆட்டி ஆட்டி எண்ணினாள். மான்குர்த் சித்தியையும் சேர்த்து எண்ணினாள். அவர் எங்கள் சந்து இல்லை, எழுதாதே என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. உமா இருந்தால் சொல்லியிருப்பாள். நான் சொல்லவில்லை.

வரிசை மெதுவாக நகர்ந்தது. சித்தி முறை வந்தது. செல்வி கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்தவர் கை கழுவிக்கொண்டு, பூட்டிக் கிடந்த அறைகளையும் விழுந்த கூரையையும் சுவரில் இருந்த நோட்டீசையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பேச்சி தள்ளி நின்று அழுதுகொண்டிருந்தாள். சித்தி அவளிடம் போகவில்லை. நேரே டேப்லெட் பெண்ணிடம் போய், தனக்குத் தெரிந்த ஹிந்தியில், இது எப்போது சரியாகும் என்று கேட்டார். லிஸ்டில் திரும்ப ஏறும், நாளாகும் என்றாள் அவள்.

சித்தி பேச்சியின் பக்கம் திரும்பினார்.

“தை மாசத்துக்குள்ள ஆயிருமான்னு நல்லாக் கேட்டு வைங்க. கல்யாணத்துக்கு எங்க ஆளுவ பஸ் பிடிச்சு வாராவ, பொம்பளைகளே பாதிப் பேரு.”